நீட் மார்க்கும் சம இடைவெளி டிஸ்ட்ரிபியூஷனும்

2024 நீட் ரிசல்ட் வந்தப்போ 718, 719னு மார்க் வாங்கினவங்க இருக்காங்கன்னு பெரிய சர்ச்சை ஓடுச்சு, ஞாபகம் இருக்கும். சரியா போட்டா +4, தப்புன்னா −1, விட்டுட்டா 0. எல்லாம் சரின்னா 720, ஒண்ணு விட்டா 716, ஒண்ணு தப்புன்னா 715, அப்போ 718 எங்கேர்ந்து வரும்? நேரம் வீணானதுக்குக் கருணை மார்க் குடுத்தோம்னு நீட் நடத்துற என்டிஏ சொன்னாங்க, அப்புறம் அந்த 1563 பேருக்கும் அதை ரத்து பண்ணி, வேணும்னா எழுதிக்கோங்கன்னு ஜூன் 23ல மறுதேர்வு வெச்சாங்க. அந்த அரசியல் இங்க வேணாம். மார்க்கைப் பார்த்த உடனே "இந்த நம்பர் வரவே வராதே"ன்னு ஜனங்க சொன்னாங்க பாருங்க, அந்த விவரம் பாதி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேருக்குக் கிடையாதுங்கறதுதான் என் விஷயம்.

முதல்ல ஈஸியான கேஸ். ஒருத்தன் 180 கேள்விக்கும் கண்ணை மூடிட்டு குத்துறான்னு வைங்க. ஒவ்வொண்ணுலயும் 1/4 சான்ஸ்ல 4, 3/4 சான்ஸ்ல −1. மொத்த மார்க் −180, −175, −170ன்னு அஞ்சு அஞ்சா ஏறி 720 வரைக்கும் போகும், மொத்தம் 181 புள்ளி. சராசரி 45, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கிட்டத்தட்ட 29. இதை கம்ப்யூட்டர்ல எப்படி வெக்கிறது? நிறைய பேர் பண்றது டேபிள்ல ரெண்டு காலம், ஒண்ணுல மதிப்பு, இன்னொண்ணுல ப்ராபபிலிட்டி. தப்புன்னு சொல்ல முடியாது, தனித்தனி புள்ளியா மதிப்பு வர்ற எந்த டிஸ்க்ரீட் டிஸ்ட்ரிபியூஷனுக்கும் ஓடும். ஆனா அதுக்கு இடைவெளி எல்லாம் அஞ்சுதான்னு தெரியாது. இதே மாதிரி குத்துற இன்னொருத்தன் மார்க்கையும் இவன் மார்க்கையும் கூட்டணும்னா 181ஐ 181ஆல பெருக்கி 32,761 ஜோடி போட்டு, சார்ட் பண்ணி, ஒரே மதிப்பா இருக்கறதை எல்லாம் சேர்த்து, கடைசில 361 புள்ளிக்கு வந்து நிக்கும்.

அதுக்கு பதிலா ஆரம்பம் −180, ஸ்டெப் 5, எண்ணிக்கை 181னு மூணே நம்பர், கூட ப்ராபபிலிட்டி எல்லாம் வரிசையா இருக்கற ஒரு வெக்டர், அவ்ளோதான். கூட்டல்னா நேரா கன்வல்யூஷன் (ரெண்டு வெக்டரையும் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டறது), 181 + 181 − 1 = 361, சார்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆர்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொழில டிஸ்டர்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுல இந்த மாதிரி சம இடைவெளி டிஸ்ட்ரிபியூஷனுக்குன்னே (லாட்டிஸ்னு பேரு) தனி கிளாஸ், உள்ள பிவட், விட்த், லெங்த்னு அந்த மூணு நம்பர். பைத்தான்ல சைபைங்கற லைப்ரரி பக்கம் போனீங்கன்னா டிஸ்க்ரீட் டிஸ்ட்ரிபியூஷனை நகர்த்தறதுக்கு லொக் உண்டு, ஆனா விரிக்கறதுக்கு ஸ்கேல் கிடையாது. எத்தனை சரின்னு எண்ற பைனாமியலை −180க்கு தள்ளலாம், அஞ்சு அஞ்சா வைன்னு சொல்ல முடியாது, அந்த மேப்பிங்கை நாமளே வெளிய எழுதிக்கணும். கண்டினியுவஸ்க்கு ரெண்டும் குடுத்துட்டு இதுக்கு மட்டும் பாதியில நிறுத்தினது எனக்கு சுத்தமா பிடிக்கல.

மதிப்பை ஃப்ளோட்டா, அதாவது தசம நம்பரா, சேமிக்கறதுல இன்னொரு தொல்லை இருக்கு. யுபிஎஸ்சி பிரிலிம்ஸ் முதல் பேப்பர் எடுங்க, சரிக்கு 2, தப்புக்கு அதுல மூணுல ஒரு பங்கு கழியும். 2/3ங்கறதை பைனரில முழுசா எழுதவே முடியாது, அதனால ஒரே மார்க்கை ரெண்டு வழியில கூட்டி வந்தா கடைசி பிட் மாறி, ரெண்டு தனி மதிப்பா உக்காந்துக்கும், ரெண்டு வரிசையிலயும் பாதி பாதி ப்ராபபிலிட்டி. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.3க்கு சமம் இல்லன்னு வர்ற அதே பழைய கதைதான். ஸ்டெப் 2/3னு வெச்சுட்டா மதிப்பெல்லாம் −1, 0, 3. உள்ள ஃபுல்லா இன்டீஜர்லயே கணக்கு நடக்கட்டும், காட்டும்போது மட்டும் 2/3ஆல பெருக்கினா போதும்.

இப்ப நீட்ல கேள்வியை விடவும் செய்யலாம்னு சேர்த்துக்குவோம். ஒரு கேள்விக்கு −1, 0, 4. ஸ்டெப் 5லேர்ந்து 1க்கு எறங்கிடுது, −180லேர்ந்து 720 வரைக்கும் 901 இடம். இதுல எதெல்லாம் காலின்னு உக்காந்து போட்டுப் பார்த்தா 717, 718, 719 மட்டும் இல்ல, 709, 713, 714ம் வராது. 720லேர்ந்து எறங்கறது நாலு நாலாவோ அஞ்சு அஞ்சாவோதான், 1, 2, 3, 6, 7, 11 இந்த ஆறையும் நாலையும் அஞ்சையும் வெச்சு கட்ட முடியாது. மீதி 895 இடமும் வரும். வெக்டர்ல இந்த ஆறு இடத்துலயும் சுத்தமான ஜீரோ இருக்கணும்.

இங்கதான் எஃப்எஃப்டி, அதாவது கன்வல்யூஷனை வேகமா போடற ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் வழி, வம்பு பண்ணும். 901 இடத்துக்கு 1024னு சைஸ் எடுத்து, ஒரு கேள்வியோட டிஸ்ட்ரிபியூஷனை டிரான்ஸ்ஃபார்ம் பண்ணி, 180வது அடுக்குக்கு ஏத்தி, திருப்பி எடுத்தா கண் மூடி முழிக்கறதுக்குள்ள விடை. (512 எடுத்தீங்கன்னா வால் சுத்திட்டு முன்னாடி வந்துரும், 420 மார்க்கோட ப்ராபபிலிட்டி −92ல போய் விழும்.) வேகம் சரி, ஆனா ரவுண்டிங் எரர் எல்லா இடத்துலயும் ஒரே அளவுல தூவின மாதிரி இருக்கும், அதனால 718லயும் புள்ளிக்கு அப்புறம் பதினேழு பதினெட்டு சைபர் போட்டு ஏதோ ஒரு குப்பை நம்பர், சில இடத்துல மைனஸ்ல கூட. எல்லாத்தையும் குத்துறவன் 720 வாங்கற சான்ஸ் நிஜத்துல புள்ளிக்கு அப்புறம் 108 சைபர் தாண்டித்தான் ஆரம்பிக்குது, எஃப்எஃப்டி அதை எப்படி காட்டும்? சும்மா நேரடி கன்வல்யூஷன்னா கூட்டறது பெருக்கறது எல்லாம் பாசிட்டிவ்தான், கழித்தலே இல்ல, அதனால வால் நுனி வரைக்கும் ரிலேட்டிவ் அக்யூரசி நிக்கும், காலி இடம் ஜீரோவாவே இருக்கும். 901 புள்ளிக்கெல்லாம் எஃப்எஃப்டி எதுக்குங்க, லட்சக்கணக்குல போனா பாத்துக்கலாம்.

லாட்டிஸா வெச்சாலும் எல்லா கணக்கும் அதுக்குள்ள நிக்காது. ரெண்டு பேர் மார்க்கை ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா இடைவெளி கன்னாபின்னான்னு ஆயிடும். ஸ்டெப் 1ம் ஸ்டெப் ரூட் 2ம் கூட்டினாலும் போச்சு, அப்ப மறுபடி அந்த ரெண்டு காலம் டேபிளுக்குத்தான் திரும்பணும்.

டிஸ்டர் பத்தி இன்னொண்ணு. அதுல எக்ஸ் ப்ளஸ் எக்ஸ்னு அடிச்சா ரெண்டு தனித்தனி ஆள் மார்க்கைக் கூட்டினதா எடுத்துக்கும், 361 புள்ளி, ஸ்டெப் 5, டீவியேஷன் 41. 2 இன்டு எக்ஸ்னு அடிச்சா ஒரே ஆள் மார்க் டபுள், 181 புள்ளி, ஸ்டெப் 10, டீவியேஷன் 58. பேக்கேஜை லோட் பண்ணும்போதே இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் ரேண்டம் வேரியபிள் (இங்க அந்த ஆளோட மார்க்) மேலதான்னு ஒரு எச்சரிக்கை ஸ்க்ரீன்ல ஓடும், யார் படிக்கறா?