வியாழனுக்கு நாலாவது நிலா வந்தது

கல்லூரிக் கோளரங்கம் ஒன்றில் பொதுமக்களுக்கு இலவசமாக வானம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப் போனேன். முன்பதிவெல்லாம் இல்லை. முதலில் வருகிறவர்களுக்குக் குவிமாடத்துக்குள் இடம், மற்றவர்கள் அடுத்த காட்சி வரை காத்திருக்க வேண்டும்.

உள்ளே சாய்வு நாற்காலிகள், நடுவில் புரொஜெக்டர். 1923-இல் மியூனிக்கில் ஜெய்ஸ் என்ற ஜெர்மன் லென்ஸ் நிறுவனம் தொடங்கி வைத்த வித்தைதான். இப்போது எல்லாம் டிஜிட்டல். ஒரு மாணவி மைக்கைப் பிடித்துக்கொண்டு முழு இரவையும் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டினார். துருவ நட்சத்திரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க, மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தது. நன்றாகத்தான் இருந்தது, பின்னணி இசையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

ஆனால் நான் போனது மொட்டை மாடிக்காக. அங்கே சிவப்பு விளக்குதான். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். மறுபடி நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்துவிடுகிறார்.

முதல் தொலைநோக்கியில் நிலா. அன்று பாதி நிலா. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை முழுநிலவன்று வைக்காததற்குக் காரணம் பார்த்ததும் புரிந்தது. நிலவின் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி வெயில் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீளமாகக் கிடக்கிறது. ஒரு பள்ளத்தின் அடி முழுக்க இருட்டு, நடுவிலிருந்த சிகரத்தின் உச்சியில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம். முழுநிலவில் இந்த நிழல் எதுவும் இருக்காது.

அடுத்ததில் ஓரியன் நெபுலா, விண்வெளியில் இருக்கும் ஒரு வாயு மேகம். இங்கேதான் பலருக்கு முகம் சுருங்கியது. இணையத்தில் பார்க்கிற இளஞ்சிவப்பும் ஊதாவும் எங்கே? நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுக்கிற படங்கள் அவை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு புகைத் திட்டு, நடுவில் நெருக்கமாக நாலு நட்சத்திரம், அவ்வளவுதான் தெரிந்தது. நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள் என்றார் பக்கத்திலிருந்த மாணவர். பார்த்தேன், திட்டு விரிந்தது. சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறை குடைந்துகொண்டிருந்த நூற்றாண்டில் கிளம்பிய ஒளி. எனக்கு எந்தப் படத்தையும்விட அந்தச் சாம்பல் திட்டுதான் பிடித்தது.

நீளமான வரிசை வியாழனுக்கு. பூமி சுற்றுவதால் கோள் ஒன்றிரண்டு நிமிடத்தில் காட்சியை விட்டு நழுவிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் குழாயை லேசாகத் தள்ளி மறுபடி பிடித்துக் கொடுத்தபடியே இருந்தார் இன்னொரு மாணவி. எனக்கு முன்னால் ஒரு பாட்டி.

“என்னம்மா, புள்ளி புள்ளியா வரிசையா நிக்குதே, அதா குரு?”

“நடுவுல பெரிசா இருக்கே, அதுதான் பாட்டி குரு. புள்ளியெல்லாம் அதோட நிலா. இப்போ மூணுதான் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்துல நாலாவது வரும், இருந்து பாத்துட்டுப் போங்க.”

பாட்டி நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நானும் நின்றேன். அப்போது வியாழனின் நிழலுக்குள் இருந்தது அந்த நாலாவது நிலா, அயோ. கலிலியோ 1610-இல் கண்ட நான்கில் கோளுக்கு மிக அருகில் சுற்றுவது. சொன்ன நேரத்துக்கு, ஒன்றுமில்லாத இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி முளைத்து, சில நிமிடத்தில் மற்றவற்றைப் போலவே பளிச்சென்று ஆகிவிட்டது. அயோ இப்படி மறைந்து வெளிவரும் நேரங்கள் கணக்கிலிருந்து முந்துவதையும் பிந்துவதையும் வைத்துத்தான் 1676-இல் டென்மார்க் வானியலாளர் ரோமர், ஒளி வந்து சேரவும் நேரம் பிடிக்கிறது என்று காட்டினார். வியாழனிலிருந்து ஒளி வர அன்றைக்குச் சுமார் 40 நிமிடம் என்றார் மாணவி. அப்படியென்றால் நாங்கள் குவிமாடத்துக்குள் அண்ணாந்து கிடந்தபோதே அயோ வெளியே வந்துவிட்டிருக்கிறது!

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பிள்ளைகளோடு வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள், கடைசி ஒரு மணி நேரம் வரிசையே இருக்காது. மாணவர்களும் அப்போதுதான் நிதானமாகப் பேசுகிறார்கள், கேட்டால் பட்டியலில் இல்லாததையும் தேடிக் காட்டுகிறார்கள்.