கச்சானுக்குக் காத்திருந்த ரவை

யாழ்ப்பாணத்தில் துவக்கைப் பற்றி எழுத எனக்கு நெடுநாள் மனம் வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வரும். ஆனால் 1966 இல், எனக்குப் பதினாறு வயதில், துவக்கு என்பது பள்ளிக்கூடக் கடேற் (மாணவர் படை) அறையில் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்த ஒரு கருவி. வெளிநாட்டில் இலக்குச் சூடு பழகும் பேரன் போன மாதம் கேட்டான்: "அப்பப்பா, நீங்களும் சுட்டனீங்களாம். எப்பிடிப் பழகினனீங்கள்?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் ஒரு ரவைகூடக் கையில் தரவில்லை. பள்ளிக்கூடம் விட்டபிறகு மைதான ஓரத்து வேப்பமரத்தடியில் பனையோலைப் பாய் விரித்துக் குப்புறப் படுப்போம். வெறும் துவக்கின் குழலில் ஐம்பது சதக் குத்தியை மாஸ்ரர் வைப்பார். விசையை அழுத்தும்போது குத்தி விழக்கூடாது. எனக்கு ஒரு கிழமை முழுக்க விழுந்தது.

"இழுக்காதை தம்பி, மெல்ல மெல்ல அமத்து. எப்ப வெடிக்குமெண்டு உனக்கே தெரியக்கூடாது."

லீ-என்பீல்ட் துவக்கின் விசை இரண்டு கட்டமாக வரும். முதலில் இலகுவாகப் பின்னால் வந்து, பிறகு சுவரில் முட்டினதுபோல் நிற்கும். விரலை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு மூச்சைக் கவனிக்கவேண்டும். பாதி மூச்சு வெளியே போனதும் நெஞ்சு தானாக ஓய்கிற ஒரு சின்ன இடைவெளி வரும். சூட்டுக்குரிய நேரம் அதுதான். ஏழெட்டு விநாடிக்குமேல் அடக்கினால் கண் மங்கத் தொடங்கும். விரலை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்னொன்றும் மாஸ்ரர் ஓயாமல் சொல்வார். துவக்கின்மேல் உள்ள பின்குறி, குழல் நுனியிலுள்ள முன்குறி, தூரத்து இலக்கு மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்காது. முன்குறி கூர்மையாகத் தெரியட்டும், இலக்கு மங்கினால் மங்கட்டும். குறி பார்த்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பார்க்கச் சொல்வார். குறி விலகியிருந்தால் கையால் தள்ளித் திருத்தக்கூடாது. வயிற்றை அச்சாக வைத்து உடம்பு முழுவதையும் நகர்த்தவேண்டும். கையால் பிடித்து நிறுத்திய குறி வெடிக்கும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

ஆவணியில் முகாம். யாழ்தேவியில் கொழும்பு, அங்கிருந்து பதுளை இரவு மெயில், விடியத் தியத்தலாவை. நாலாயிரம் அடி உயரத்துக் குளிர் எங்களில் ஒருவனுக்கும் பழக்கமில்லை. அம்மா கட்டித் தந்த பனங்காய்ப் பணியாரம் முதல் நாளிலேயே முடிந்துபோனது. 1900 இல் தென்னாபிரிக்காவிலிருந்து, பிரித்தானியரோடு போரிட்ட டச்சு வழிக் குடிகளான போயர் போர்க்கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்த இடம் அது. நெடுந்தூரச் சூட்டில் பேர்போன குடியானவர்கள் அவர்கள். அதே போருக்குத்தான் ஸ்கொட்லாந்து வேட்டைக்காட்டுக் காவலர்களைச் சேர்த்து லோவற் ஸ்கௌட்ஸ் என்ற படையை அமைத்தார்கள். உடம்பில் இலைதழையும் கந்தலும் கட்டி மறைந்திருக்கிற வித்தை அவர்களோடுதான் பிரித்தானியப் படைக்குள் வந்தது. இதெல்லாம் பிறகு வாசித்து அறிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது புல்மலையும் காற்றும் மட்டுமே.

நூறு யார் தூரத்தில் முதலில் ஐந்து ரவை. ஐந்தும் நெருங்கி விழுந்தால் போதும், நடுவில் விழவேண்டியதில்லை. நெருங்கி விழுந்து ஒதுங்கியிருந்தால் குறியைத் திருத்தலாம். சிதறினால் பிழை ஆளில். என்னுடையவை நெருங்கியே விழுந்தன. அந்தத் தலைக்கனத்தோடு முந்நூறு யாருக்குப் போனேன்.

முதல் மூன்று சூட்டுக்கும் இலக்கின் முன்னால் சிவப்புக் கொடி ஆடியது. மூன்றும் படவேயில்லை. சிங்களச் சார்ஜன்ற் ஒருவர் பக்கத்தில் குந்தினார். துவக்கை வாங்கி, எனக்குத் தெரியாமல் ஏற்றி, திருப்பித் தந்தார். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. ஆனால் குழலின் நுனி சட்டென்று கீழே குத்தியது. அவர் ஏற்றியிருந்தது மருந்தில்லாத ரவை. தோளில் விழப்போகும் இடியை எதிர்பார்த்து என் உடம்பு முன்கூட்டியே பதறுகிறது என்பதை அந்த ஒரு கணத்தில் கண்ணாலேயே கண்டேன். எது உண்மை ரவை, எது பொய் ரவை என்று தெரியாமல் அன்று மாலைவரை என்னைச் சுடவைத்தார். "மல்லி, ஹெமின், ஹெமின்" (தம்பி, மெல்ல, மெல்ல) என்று மட்டும் சொல்வார். நான் கண்ட ஆசிரியர்களில் அவரையும் ஒருவராக வைத்திருக்கிறேன்.

மறுநாள் இலக்குக் குழியில் வேலை. மண் அணைக்குப் பின்னால் நின்று ஓட்டைகளை ஒட்டி, விழுந்த இடத்தை நீண்ட தடியில் பொருத்திய வட்டத் தகட்டால் காட்டவேண்டும். தலைக்குமேல் முதலில் சவுக்கடிபோல் 'சடார்' என்னும். அது ஒலியை முந்தி வருகிற சன்னத்தின் சத்தம். பிறகுதான் தூரத்திலிருந்து துவக்கின் 'தொம்'. இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தை வைத்துச் சுட்டவன் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லலாம். விளையாட்டாக எண்ணிப் பழகினோம். இருபது வருடம் கழித்து, பங்கருக்குள் பிள்ளைகளை மடியில் வைத்திருந்த இரவுகளில் என்னைக் கேளாமலே என் காது அதை எண்ணியது. இதைப் பேரனுக்குச் சொல்லவில்லை.

கடைசி நாள் போட்டி, மீண்டும் முந்நூறு யார், பத்து ரவை. குறுக்கே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மணிக்குப் பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று அந்தத் தூரத்தில் எங்கள் துவக்கின் .303 சன்னத்தை ஏறக்குறைய ஒரு சாண் தள்ளும். அறுநூறு யாரென்றால் அது இரண்டு மடங்கல்ல, நாலு மடங்களவு. மறைந்திருந்து சுடும் சினைப்பர்மாரை இரண்டு பேராக அனுப்பி, ஒருவரிடம் தொலைநோக்கியைக் கொடுத்துக் காற்றையும் கானலையும் பார்க்கவிடுவது அதனால்தான். எங்களுக்குக் கிடைத்தது கொடியும் புல்லும்.

ஆனால் எங்களுக்குப் பட்டம் தெரியும். மார்கழி வாடையில் ஒலியெழுப்பும் விண் கட்டி எட்டுமூலைப் பட்டம் ஏற்றுகிற பொடியனுக்கு நிலத்தில் ஒரு காற்று, பனை வட்டில் இன்னொரு காற்று என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கன்னத்தில் படுவதை நம்பாமல், நடுவழியில் புல் சாய்வதையும் இலக்கடியில் கொடி நிமிர்வதையும் பார்த்தேன். கொடி பாதி உயர்ந்து நிற்கும்போது ஒரு சாண் இடப்பக்கம் குறிவைத்தால் நடுவில் விழுகிறது. ஆகவே அந்தச் சாய்வில் மட்டுமே சுடுவது என்று முடிவெடுத்தேன்.

ஒன்பது ரவை போயிற்று. பத்தாவதற்கு விரல் சுவரில் நிற்கும்போது காற்று சட்டென்று விழுந்தது. கொடி தடியோடு ஒட்டிக்கொண்டது. இருபக்கத்திலும் பொடியள் அவசரமாகச் சுட்டுத் தள்ளினார்கள். நான் விரலை எடுத்துவிட்டுப் பாயில் கன்னம் வைத்துக் கிடந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. எனக்கு மேலே சார்ஜன்ற் ஒன்றும் பேசவில்லை.

புல் நடுவில் சாய்ந்தது. கொடி பாதி எழுந்தது. மூச்சைப் பாதி விட்டேன்.

குழியிலிருந்து தகடு மெல்ல உயர்ந்து, இலக்கின் கறுப்பு நடுவில் வந்து நின்றது.