100க்கு 8

விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டித் தருகிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் 100க்கு 8 மதிப்பெண் வாங்கிய விளையாட்டு ஒன்று என் மடிக்கணினியில் இருக்கிறது. பெயர் ‘பிக் ரிக்ஸ்: ஓவர் த ரோடு ரேசிங்’. 2003ல் அமெரிக்காவில் வெளிவந்த லாரிப் பந்தயம். காந்திபுரத்தில் ஒரு கடையில் வாங்கிய, ஏகப்பட்ட விளையாட்டுகளை ஒன்றாகத் திணித்திருந்த சிடியில் வந்தது. அந்த சிடியில் இருந்த மற்றவை எல்லாம் எங்கே போயின என்று தெரியாது. இது மட்டும் ஒவ்வொரு கணினி மாற்றும்போதும் என்னோடு வந்துகொண்டே இருக்கிறது.

பந்தயம் என்று சொன்னேன். எதிர்ப்போட்டி லாரி ஒன்று பக்கத்தில் நிற்கும். நிற்கும், அவ்வளவுதான். நீங்கள் கிளம்பிப் போய், ஊரைச் சுற்றி, டீ குடித்துவிட்டு வந்தாலும் அது கிளம்பாது. நிறுவனத்தார் பிற்பாடு இதற்கு ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அதைப் போட்டால் எதிராளி ஓடும், ஆனால் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் வந்து நின்றுவிடும். ஆக, தோற்பதற்கு எந்த வழியும் கிடையாது. கட்டடம் எதிரே வந்தால் அதன் உள்ளே புகுந்து மறுபக்கம் வரலாம். பாலத்தில் ஏறினால் பாலம் உங்களைத் தாங்காது. லாரி அதன் ஊடே கீழே இறங்கிவிடும். செங்குத்தான மலையில் சமதரையில் போகிற அதே வேகத்தில் ஏறலாம். ஐந்து பாதைகளில் குறிப்பிட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் விளையாட்டே மூடிக்கொள்ளும். சட்டவிரோதச் சரக்கை ஏற்றிக்கொண்டு போலீசிடமிருந்து தப்பி ஓட வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள். உள்ளே போலீசும் இல்லை, தப்பி ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்குப் பிடித்தது ரிவர்ஸ் கியர். முன்னோக்கி ஓட்டினால் வேகத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். பின்னோக்கி ஓட்டினால் எல்லையே இல்லை. பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் ஸ்பீடோமீட்டர் ஆயிரம், லட்சம், கோடி என்று ஏறி, கடைசியில் 1.23ஐ 10 அடுக்கு 37ஆல் பெருக்கினால் வருகிற அளவுக்கு மணிக்கு மைல் காட்டும். ஒளியின் வேகமே மணிக்கு 67 கோடி மைல்தான். பொத்தானை விட்டால் அந்த நொடியே லாரி அப்படியே நிற்கும். குலுங்கல்கூட இருக்காது. அப்புறம் மூன்று கைப்பிடி வைத்த ஒரு கோப்பை திரையில் தோன்றி, நீங்கள்தான் வெற்றியாளர் என்று அறிவிக்கும். அந்த ஆங்கில வாக்கியத்திலும் ஓர் எழுத்து குறையும்.

கேம்ஸ்பாட் தளம் இதற்கு 10க்கு 1 கொடுத்தது. அங்கே விமர்சனம் செய்த அலெக்ஸ் நவாரோ வீடியோவில் ஒரு வார்த்தை பேசவில்லை, வெறும் முகபாவத்தாலேயே முடித்துக்கொண்டார். அந்த வீடியோ விளையாட்டைவிடப் பிரபலம்.

என் அக்கா மகன் திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது இதைப் போட்டுக் காட்டினேன். பையன் போனில் துப்பாக்கிச் சண்டை போடுகிறவன். கையில் வாங்கி, ஒரு வீட்டுக்குள் புகுந்து வெளியே வந்து, லாரியோடு மலையேறி, உலகத்தின் விளிம்பைத் தாண்டி ஒன்றுமே இல்லாத சாம்பல் வெளியில் கொஞ்சதூரம் ஓட்டினான். “மாமா, இதுக்குப் பேரு கேமா?” என்றான். கேட்டுவிட்டு மடிக்கணினியைத் திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏன் பிடிக்கிறது என்றால், என் வேலையைச் சொன்னால்தான் விளங்கும். கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வார்ப்புகளைச் சோதிக்கிறேன். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற ஃபவுண்டரியிலிருந்து வருகிற கேசிங் (பம்பின் வெளிக்கூடு), இம்பெல்லர் (உள்ளே சுழல்கிற சக்கரம்) எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்குவது என் வேலை. நல்ல வார்ப்பு ஒன்றும் பேசாது. சரி என்று அடுத்ததை எடுப்போம். ரிஜெக்ட் ஆகிற வார்ப்புதான் நடந்ததைச் சொல்லும். உள்ளே குமிழ்க்குழி இருந்தால் மணலில் ஈரம் கூடிப்போய் ஆவி வெளியேற வழியில்லாமல் போயிருக்கலாம். இரண்டு பக்கமிருந்து வந்த இரும்பு ஒட்டாமல் ஒரு கோடு தெரிந்தால், ஊற்றும்போதே சூடு இறங்கியிருக்கிறது. ஒரு பக்கச் சுவர் தடித்து, மறுபக்கம் மெலிந்திருந்தால் உள்கூட்டுக்காக வைக்கிற மணல் அச்சான கோர் நகர்ந்திருக்கிறது. எந்த ஷிஃப்டில் ஊற்றியது என்றுகூடச் சில நேரம் சொல்லிவிடலாம்.

பிக் ரிக்ஸ் ஆடும்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. லாரி கட்டடத்தைக் கண்டு நிற்க வேண்டும் என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை எழுத வேண்டும். பாலம் தாங்க வேண்டும் என்றால் அதையும் எழுத வேண்டும். மேட்டில் ஏறும்போது வேகம் குறைவது, எதிராளி ஓடுவது, ஓடியவன் கோட்டைத் தாண்டுவது எல்லாம் தனித்தனி வேலை. நன்றாகச் செய்த பந்தய விளையாட்டில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. சாலை என்றால் சாலை, சுவர் என்றால் சுவர். இங்கேதான் ஒவ்வொரு வேலையும் விட்டுப்போன இடத்தில் பளிச்சென்று தெரிகிறது. விளையாட்டு எப்படிச் செய்கிறார்கள் என்பதை இதில்தான் நான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் கேலி செய்வார்கள், இருந்தாலும் அதுதான் நிஜம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லோரும் திட்டித் தீர்க்கிற ‘ஈ.டி.’ விளையாட்டும் வேறு மாதிரி தெரியும். ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தை வைத்து, டிவியில் மாட்டி ஆடுகிற அடாரி 2600 இயந்திரத்துக்கு 1982 கிறிஸ்துமஸுக்காக அவசர அவசரமாகச் செய்தது. படத்தின் உரிமை கைக்கு வந்தபோது ஜூலை கடைசி. செப்டம்பர் 1க்குள் முடித்துக்கொடுக்க வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள் சுமார் ஐந்து வாரத்தில் எழுதி முடித்தார். அவருடைய முதல் விளையாட்டான ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ ஏழு மாதம் எடுத்தது. அந்த இயந்திரத்தின் நினைவகம் மொத்தமே 128 பைட். நான் இப்போது எழுதுகிற இந்த வாக்கியமே அதில் அடங்காது.

அதில் எல்லோரும் வெறுப்பது குழிகளை. தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடி நடக்க வேண்டும். நடந்தால் குழியில் விழுவீர்கள். கழுத்தை நீட்டி மிதந்து மேலே வந்தால் மறுபடியும் அதே குழியில் விழுவீர்கள். கூர்ந்து பார்த்தால் காரணம் தெரியும். ஈ.டி.யைப் பக்கவாட்டில் வரைந்திருக்கிறார்கள், தரையையோ மேலிருந்து பார்ப்பதாக வரைந்திருக்கிறார்கள். நாம் காலைப் பார்த்து நடக்கிறோம். இயந்திரம் உருவம் முழுவதையும் பார்க்கிறது. தலையின் ஒரு புள்ளி குழியைத் தொட்டாலும் விழுந்ததாகக் கணக்கு. இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்பதை அடாரியின் சில்லே சொல்லிவிடும். கால் மட்டும் பட்டதா என்று பார்க்கத்தான் தனியாக எழுத வேண்டும். ஐந்து வாரத்தில் எதை எழுதுவது, எதை விடுவது? பிற்பாடு ஒரு ரசிகர் அதையும் திருத்திக் காட்டினார். திருத்திய பதிப்பு ஆட நன்றாகவே இருக்கிறது. எனக்கென்னவோ பழையதுதான்.

விற்காத கார்ட்ரிட்ஜ்களை, அதாவது இயந்திரத்தில் செருகுகிற விளையாட்டுப் பெட்டிகளை, நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்ததும், 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்ததும் ஊரறிந்த கதை. தோண்டியதில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. வார்ஷா இப்போது மனநல சிகிச்சையாளர்.

இதற்காக மோசமான எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம். 1999ல் நிண்டெண்டோ 64 என்ற விளையாட்டு இயந்திரத்துக்கு வந்த ‘சூப்பர்மேன்’ விளையாட்டை நானும் தாங்கமாட்டேன். வானத்து வளையங்களுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து பறக்கச் சொல்லி, தலைக்கு மேல் கடிகாரத்தையும் ஓடவிடுகிறது. நின்று எதையும் வேடிக்கை பார்க்க விடாது. தூரத்தை வரைய இயந்திரத்துக்குச் சக்தி போதாமல் ஊரையே மூடுபனியால் மூடிவிட்டு, அதைக் கதையில் கிரிப்டனைட் (சூப்பர்மேனைப் பலவீனமாக்கும் கல்) மூட்டம் என்று சமாளித்தார்கள். அந்தச் சாமர்த்தியத்தை மட்டும் பாராட்டுவேன்.

வேண்டுமென்றே மோசமாகச் செய்பவையும் வேண்டாம். 2014ல் ‘கோட் சிமுலேட்டர்’ என்ற ஆட்டு விளையாட்டு வந்தபோது உலகமே சிரித்தது. விளையாட்டை முடக்குகிற பிழைகளை மட்டும்தான் நீக்குவோம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார்கள் அதைச் செய்தவர்கள். கொஞ்ச நேரம் சிரித்தேன், அலுத்துவிட்டது. டிரில் போட்டு வைத்த ஓட்டை எனக்கு எந்தச் செய்தியும் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் ஆடவிட்டு, மீதிக்குக் காசு கொடு அல்லது நாளைக் காலை வரை காத்திரு என்கிற போன் விளையாட்டுகளைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. அவற்றில் குறையே கிடையாது, எல்லாம் கணக்குப் போட்டு வைத்தது.

கடைசியாக, நான் உண்மையிலேயே நேசிக்கிற ஒன்று: 2010ல் வந்த ‘டெட்லி ப்ரெமொனிஷன்’. ஒசாகாவின் ஆக்சஸ் கேம்ஸ் நிறுவனம் செய்தது; இயக்கியவர் ஸ்வெரி என்று அழைக்கப்படும் ஹிடெடாகா சுவேஹிரோ. விமர்சனத் தளங்களில் ஐஜிஎன் 10க்கு 2 கொடுத்தது, டெஸ்ட்ரக்டாய்ட் 10க்கு 10 கொடுத்தது. விமர்சகர்களை இந்த அளவுக்குப் பிளந்த திகில் விளையாட்டு வேறில்லை என்று கின்னஸ் புத்தகமே பதிந்துகொண்டது.

க்ரீன்வேல் என்ற அமெரிக்க மலையூரில் ஒரு கொலை. விசாரிக்க வருகிறார் யார்க் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி. வரைபடத்தைத் திறந்தால் ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது, போதாக்குறைக்கு அது நாம் திரும்பும் பக்கமெல்லாம் சுழலும். அணில்கள் குரங்கு மாதிரி கத்துகின்றன. துக்கமான காட்சியில் திடீரென்று சீட்டியடிக்கும் குஷியான இசை கிளம்புகிறது. மேலைநாட்டுச் சந்தைக்காகப் பிற்பாடு ஒட்டவைத்த துப்பாக்கிச் சண்டையைப் பார்த்தாலே ஒட்டவைத்தது என்று தெரிகிறது.

சரி, காரில் ஏறுங்கள். திருப்பினால் படகு மாதிரி வழுக்கும். ஆனால் இண்டிகேட்டர் வேலை செய்கிறது! வைப்பர் வேலை செய்கிறது. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும். ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நிமிடக்கணக்கில் போக வேண்டும்; அந்த நேரமெல்லாம் யார்க் தன் மனதுக்குள் இருக்கும் ஸாக் என்பவரிடம் 80களின் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். ஊரில் ஒவ்வொருவருக்கும் காலை முதல் இரவு வரை ஒரு நாள் ஒழுங்கு இருக்கிறது. கடைக்குப் போவார்கள், வீடு திரும்புவார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம். யார்க் சவரம் செய்யாவிட்டால் தாடி வளர்கிறது. கோட்டைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு திரிந்தால் சுற்றி ஈ மொய்க்கிறது.

வரைபடத்தைச் சரிசெய்ய ஆள் இல்லாத இடத்தில் ஈ மொய்க்க வைக்க ஆள் இருந்திருக்கிறது! யாரோ ஒருவர் பணமும் நேரமும் போதாது என்று தெரிந்தும், எதை விட்டாலும் இதை விடமாட்டேன் என்று உட்கார்ந்து செய்திருக்கிறார். பெரிய நிறுவனம் 500 பேரை வைத்துச் செய்திருந்தால் வரைபடம் அருமையாக இருந்திருக்கும். ஈக்களை எவனாவது மீட்டிங்கில் வெட்டியிருப்பான்.

ஆட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினிப் பதிப்பு 2013ல் வந்தபோது 720பி என்ற குறைந்த படத் தரத்தில் பூட்டித்தான் வந்தது. ரசிகர் ஒருவர் செய்த ‘டிபிஃபிக்ஸ்’ என்ற திருத்தம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முதலில் அதைப் போடுங்கள். கீபோர்டில் ஆடவேண்டாம், கன்ட்ரோலர் வேண்டும். கொலைகாரனைத் தேடி ஓடாமல் முதல் இரண்டு நாள் சும்மா காரில் சுற்றுங்கள், மழை பெய்தால் வைப்பரைப் போடுங்கள். அப்புறம், அந்த மனுஷனுக்குத் தினமும் சவரம் செய்துவிடுங்கள்.