போன் ஆப்போடு இணைந்த ஹார்டுவேர் வாலட்

நேற்று இரவு என் ஹார்டுவேர் வாலட்டை (கிரிப்டோ பணத்தின் சாவிகளைப் பாதுகாக்கும் சின்னக் கருவி) போனில் உள்ள வாலட் ஆப்போடு புளூடூத் வழியாக இணைத்தேன். அரை மணி நேரம் இணையவே இல்லை. கருவியில் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்புக்கான ஆப்பைத் திறந்து வைக்காததுதான் காரணம். திறந்ததும் என் கிரிப்டோ கணக்கு முகவரிகள் வரிசையாக வந்துவிட்டன.

இணைத்தாலும் தனிச்சாவி, அதாவது பணத்தைச் செலவழிக்கத் தேவையான ரகசியக் குறியீடு, போனுக்குப் போவதில்லை. பணம் அனுப்ப ஒப்புதல் தரும் டிஜிட்டல் கையொப்பம் கருவிக்குள்ளேயே நடக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பணம் அனுப்பும்போது போன் திரையை நம்பாமல், கருவியின் சின்னத் திரையில் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் மட்டும் போதாது. அவை இரண்டும் பொருந்துகிற போலி முகவரிகளை உருவாக்குகிறார்கள்.

அப்புறம், இணைக்கும்போது எந்த ஆப்பாவது உங்கள் 24 மீட்புச் சொற்களை (கருவி தொலைந்தால் கணக்கை மீட்க உதவும் ரகசியச் சொற்கள்) கேட்டால் உடனே மூடிவிடுங்கள். இணைப்புக்கு அவை தேவையே இல்லை.