அப்பா கேட்ட கேள்வி

ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் அப்பாவும் நானும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். மொத்தம் ஆறு வாரம். மற்ற நான்கு பேரும் என்னைவிடச் சின்னவர்கள். எழுபது வயதில் அப்பா நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தார்.

முதல் நாளே கேட்டுவிட்டார். "ஐயா, இது இல்லாட்டி இரட்சிப்பு கிடையாதா?"

பாஸ்டர் தயங்கவில்லை. கிருபையினால், விசுவாசத்தைக் கொண்டு இரட்சிப்பு, எபேசியர் 2:8. ஞானஸ்நானம் அதற்கு வெளியடையாளம், கீழ்ப்படிதல், அவ்வளவுதான் என்றார். அப்பா விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் 1 பேதுரு 3:21-ஐப் பென்சிலில் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்தார். "ஞானஸ்நானம் நம்மை இரட்சிக்கிறதுன்னு எழுதியிருக்கே!" அதே வசனத்தில் 'மாம்ச அழுக்கை நீக்குதலாயிராமல்' என்றும் இருக்கிறது என்று பாஸ்டர் காட்ட, அப்பா அப்போஸ்தலர் 2:38-க்குப் போனார். 'பாவமன்னிப்புக்கென்று' ஞானஸ்நானம். மன்னிப்பைப் பெறுவதற்காகவா, பெற்றுவிட்டதற்காகவா? அந்த ஒரு சொல்லிலேயே அன்றைய வகுப்பு முடிந்தது. மாற்கு 16:16-ஐ நான் எடுத்தேன். அதன் முதல் பாதியில் விசுவாசமும் ஞானஸ்நானமும் சேர்ந்து வருகின்றன. ஆக்கினையைச் சொல்லும் இரண்டாம் பாதியில் விசுவாசியாதவன் மட்டும்தான். அப்பா அதையும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். குறித்த தேதிக்கு இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது. "தேதியைக் கொஞ்சம் முன்னாடி வைக்க முடியுமான்னு கேளும்மா" என்றார். போன் செய்தேன். பாஸ்டர் அன்பாகத்தான் பேசினார். தங்கள் சபையில் முழுக்குதான் முறை, இந்த நிலையில் அவரை எப்படித் தொட்டியில் இறக்குவது, சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எந்தத் தண்ணீரும் இல்லாமலே பரதீசு கிடைத்ததே, பயப்பட வேண்டாம் என்றார். அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்த ஒருவர், "பாவம், முழுக்கு எடுக்காமலே போயிட்டாரே" என்றார். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

அதன்பிறகு மூன்று மாதம் வகுப்புக்குப் போகவில்லை. கூட வேலை பார்க்கும் கத்தோலிக்கத் தோழியிடம் ஒருநாள் கொட்டித் தீர்த்தேன். சாகும் தருவாயில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்றாள். ஞானஸ்நானத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குருவானவர் இல்லாத இடத்தில், திருமுழுக்குப் பெறாதவர்கூட, திருச்சபையின் எண்ணத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொன்னால் போதுமாம். எனக்கு அப்பாவின் கட்டிலை ஒட்டி, மாத்திரை போட வைத்திருந்த டம்ளர் நினைவுக்கு வந்தது. பாதித் தண்ணீரோடு அது நான்கு நாளும் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். 392-இல் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன் திருமுழுக்குக் கேட்டு மிலான் ஆயர் அம்புரோசுக்கு ஆளனுப்பியிருந்தான். ஆயர் போய்ச் சேருமுன் இறந்துபோனான். அழுதுகொண்டிருந்த தங்கைகளின் முன்னால் அம்புரோஸ், அவன் கேட்டான், கேட்டதால் பெற்றுக்கொண்டான் என்ற பொருளில் பேசினார். 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமும், மனிதன் கடவுளுக்கு முன் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி எழுதும்போது, மறுபிறப்பின் முழுக்கு 'அல்லது அதன்மீதான விருப்பம்' என்று சேர்த்தே எழுதியது. ஆசைத் திருமுழுக்கு என்பார்களாம். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். கோபம் மட்டும் போகவில்லை.

பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். ஆதித் திருச்சபையின் கையேடான 'டிடாக்கே', போதிய தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றச் சொல்கிறது என்று வாதாடத் தயாராகப் போயிருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. "முறையெல்லாம் இருக்கட்டும் சிஸ்டர். அன்னைக்கு நான் கிளம்பி வந்திருக்கணும்" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

கடைசி வகுப்பை அவர் எனக்காக மட்டும் எடுத்தார். அப்போஸ்தலர் 10. ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு வீட்டில், பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே பரிசுத்த ஆவி முதலில் இறங்கிவிடுகிறார், தண்ணீர் பிறகுதான். தண்ணீர் இல்லாமல் முடியாதென்றால் ஆவி எப்படி முந்தினார்? வெறும் அடையாளம்தான் என்றால், எல்லாம் கிடைத்துவிட்ட பிறகும் பேதுரு ஏன் ஞானஸ்நானம் பெறும்படி கட்டளையிட்டார்? இரண்டு கட்சிக்காரர்களுக்கும் முழுசாகக் கைகொடுக்காத அதிகாரம் அது. எனக்கு அது போதுமாக இருந்தது. தேவன் தண்ணீருக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, ஆனால் என்னைத் தண்ணீருக்குக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

குறித்த ஞாயிறன்று வெள்ளை அங்கி கொடுத்தார்கள். தண்ணீரில் மேலெழும்பாமல் இருக்க ஓரத்தில் ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்திருந்தார்கள். மார்பளவுத் தண்ணீர், நல்ல குளிர். இயேசுவை இரட்சகராக விசுவாசிக்கிறாயா என்ற கேள்விக்கு ஆம் என்றேன். மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முதுகைத் தாங்கிச் சாய்த்தார்கள். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுதல் என்று ரோமர் 6 சொல்வதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தேன். கால் வழுக்கிய பயத்தில் எதுவும் நினைவில்லை.

முழங்கை மட்டும் தண்ணீருக்கு மேலேயே நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். சரி, விடு என்று துவட்டிக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் அடுத்த வகுப்பில் கேட்டிருப்பார்.