மறுக்கிற குரூஸ் கண்ட்ரோல்

ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே செட் பண்ணின வேகத்தில் வண்டியை ஓட்டுகிற குரூஸ் கண்ட்ரோல், பாரம் ஏற்றுகிற பழைய பிக்கப்புக்கு எதற்கு என்று வள்ளியூரில் என்னைக் கேட்காத ஆள் குறைவு. "இது என்ன பிளைட்டாவே?" என்பான் மச்சான். அவனுக்கு முழங்கால் வலி கிடையாது. எனக்கு உண்டு.

எனக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. டவருக்குள் இருக்கிற ஏணியில் ஏறி இறங்கியே வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. பணகுடிப் பக்கம் கொஞ்சம் இயந்திரங்கள், கயத்தாறு பக்கம் கொஞ்சம். இரண்டுக்கும் நடுவே நாற்கரச் சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆனி, ஆடியில் காற்று பிடித்துவிட்டால் லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. காலையில் ஒரு பக்கம், மதியம் இன்னொரு பக்கம் என்று ஓட வேண்டும். நாங்குநேரி டோல் தாண்டி, டாப் கியரில் 80-ல் செட் பண்ணிவிட்டு வலது காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டிக்கொள்வதுதான் எனக்குத் தைலம். அது நின்றுபோனால் சும்மா இருக்க முடியுமா?

நின்றதும் ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் பாலத்து இணைப்பில் வண்டி தூக்கிப்போடும்போது மட்டும் விட்டுப்போகும். மறுபடி பட்டனை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நல்ல ரோட்டிலேயே விட்டுப்போக ஆரம்பித்தது. கடைசியில் செட் ஆகவே இல்லை. ஸ்டியரிங்கில் மெயின் பட்டனை அமுக்கினால் டாஷ்போர்டில் குரூஸ் விளக்கு எரியும். செட் பட்டனை அமுக்கினால் பக்கத்தில் பச்சை விளக்கு வர வேண்டும், அது மட்டும் வராது.

எங்கள் ஊர்ப் பக்கம் எந்த வண்டிக்கு எந்தக் கோளாறு வந்தாலும் இப்போது ஒரே காரணம்தான். 2023 டிசம்பர் 17, 18 மழையில் என் வண்டி பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டுத் தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றது. அன்றிலிருந்து வைப்பர் நின்றாலும் அதுதான், டயர் தேய்ந்தாலும் அதுதான். "வெள்ளத்துல நின்ன வண்டில்லா, சக்கரத்து சென்சாருக்குள்ள தண்ணி ஏறியிருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மழை எதையும் செய்யக்கூடிய மழைதான். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஆனால் சக்கர சென்சார் போயிருந்தால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏற்பாடு) விளக்கு எரியும், பெரும்பாலும் ஸ்பீடாமீட்டரும் கோணல்மாணலாக ஆடும். இரண்டும் ஒழுங்காக இருந்தன. வண்டியின் வேகம் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். கோளாறு இருந்தால் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கிற கோடு (code) எதுவும் இல்லை. கோடு இல்லை என்றதும், "ஸ்டியரிங் சுவிட்சையும் உள்ளே இருக்கிற சுருள் கேபிளையும் சேர்த்து மாத்திருவோம் சார்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உண்மையில் அந்தக் கோடு இல்லாததுதான் எனக்கு முதல் துப்பு. அது ஏன் என்று சொல்ல என் தொழிலைக் கொஞ்சம் இழுக்க வேண்டும். காற்றாலையில் சேஃப்டி செயின் என்று ஒன்று உண்டு. எமர்ஜென்சி பட்டன், அதிர்வு சுவிட்ச், அதிவேக சுவிட்ச், டவருக்குள் கேபிள் முறுக்கிக்கொண்டால் சொல்லும் சுவிட்ச் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருக்கும். எல்லாம் மூடியிருந்து மின்சாரம் கடந்து போனால்தான் இயந்திரம் ஓடும். ஒன்று திறந்தாலும் நின்றுவிடும். புதிதாக வருகிற பையன்கள் "மெஷின் ஃபால்ட்டு அண்ணே" என்று போன் பண்ணுவார்கள். ஃபால்ட் ஒன்றும் இருக்காது. யாராவது கீழே எமர்ஜென்சி பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். மெஷின் தனக்குச் சொன்னதைச் செய்துகொண்டு நிற்கும்.

குரூஸும் இதே ஜாதிதான். என் வண்டி மாதிரி எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் உள்ள வண்டிகளில் குரூஸுக்கென்று தனி மோட்டாரோ கேபிளோ கிடையாது. என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரே அதையும் பார்த்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டர் ஒழுங்காக வேலை செய்கிற வண்டியில் குரூஸின் பாதி உறுப்புகள் நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி மறுப்பதற்காக மட்டுமே இருக்கிறது. பிரேக்கில் கால் இருக்கிறதா? மறு. கிளட்ச் அமுங்கியிருக்கிறதா? மறு. வேகம் 40-க்குக் கீழேயா? பெரும்பாலான வண்டிகளில் அதற்கும் மறு. ஆக "குரூஸ் போய்விட்டது" என்று பாகம் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், இந்தக் கூட்டத்தில் மறுக்கிறவன் யார் என்று பார்க்க வேண்டும்.

இப்போது கோடு விஷயம். பிரேக் சுவிட்சில் வழக்கமாக இரண்டு தொடர்புகள் இருக்கும். ஒன்று மிதித்தால் மூடும், அதில்தான் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறது. இன்னொன்று மிதித்தால் திறக்கும், அது குரூஸை வெட்டிவிடுவதற்கு. இரண்டும் எப்போதும் எதிரும் புதிருமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி பேசினால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து கோடு போட்டுவிடும். என் வண்டியின் கிளட்ச் சுவிட்சுக்கு இந்த மாதிரி சாட்சி கிடையாது. ஒரே தொடர்பு, ஒரே பேச்சு. அது "கால் மிதிபடுகிறது" என்று நாள் முழுக்கச் சொன்னாலும் கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். கிளட்சில் கால் இருப்பது ஒரு கோளாறு இல்லையே! இது என்ன கோடு போடும்? ஸ்கேனரில் கோடு தேடாமல் நேரடி அளவுகளைத் திறந்து, கால் படாமல் இருக்கும்போது கிளட்ச் சுவிட்ச் என்ன சொல்கிறது என்று பார்த்திருந்தால் ஒர்க்‌ஷாப்பிலேயே இரண்டு நிமிஷ வேலை. (ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற புளூடூத் ரீடரை இதற்கென்று வாங்காதீர்கள். அவற்றில் பொதுவான அளவுகள்தான் வரும். பெடல் சுவிட்ச் விவரம் பெரும்பாலும் வராது.)

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். முதலில் குனிய வேண்டாத வேலைகள். பிரேக் மிதித்து, மகனைப் பின்னால் நிற்கவைத்து விளக்கு பார்த்தேன், மூன்றும் எரிந்தன. இதை அலட்சியமாக விடக்கூடாது. சில வண்டிகளில் பின்விளக்கு பல்பு போனாலோ, அதன் பியூஸ் போனாலோ, மலிவான எல்இடி பல்பு மாட்டினாலோகூட குரூஸ் மறுத்துவிடும். ஹாரன் அடித்தது. ஏர்பேக் விளக்கு எரியவில்லை. இரண்டின் வயரும் அதே சுருள் கேபிள் வழியாகத்தான் போகிறது. மெயின் பட்டனுக்குக் குரூஸ் விளக்கும் வந்தது. என் வண்டியில் மெயின், செட், கேன்சல் எல்லாம் ஒரே வயரில்தான் வருகின்றன. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டன்ஸ், அதை வைத்து எந்தப் பட்டன் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். மெயின் வேலை செய்தால் வயரும் சுருள் கேபிளும் உயிரோடு இருக்கின்றன. செட் பட்டன் தனியாகப் போயிருக்கலாம்தான், ஆனால் ஸ்டியரிங்கைத் திறப்பது என் பட்டியலில் கடைசி. அங்கே ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்கிற நேரம் காத்திருக்காமல் அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

அதனால் பெடல் பக்கம் போனேன். டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, தலை கீழே, கால் சீட்டின் மேலே, வாயில் டார்ச். அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன சித்தப்பா ஒருவர், "என்னடே, வண்டிக்குள்ள சாஷ்டாங்கமா விழுந்து கிடக்க?" என்று கேட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார். பதில் சொல்ல வாய் காலியாக இல்லை.

கிளட்ச் பெடலில் இரண்டு சுவிட்ச் இருக்கும், குழம்பக் கூடாது. முழுக்க மிதித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பதற்கான சுவிட்ச் ஒன்று, குரூஸுக்கானது இன்னொன்று. நமக்கு வேண்டியது பெடல் முழுக்க மேலே வந்து நிற்கிற இடத்தில், தண்டுக்கு எதிரே இருப்பது. அதன் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை பீப் ஒலியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்துத் தொட்டேன். பெடல் மேலே இருக்கும்போது பீப் வர வேண்டும் என்று என் வண்டியின் வயரிங் படம் சொல்கிறது. வரவில்லை. சுவிட்சின் முனையை விரலால் உள்ளே அமுக்கினேன். பீப். விட்டேன். நின்றது. சுவிட்ச் தங்கமாக இருக்கிறது. அப்படியென்றால் அதை அமுக்க வேண்டியவன் அமுக்கவில்லை.

டார்ச்சைத் திருப்பினால் பெடல் தண்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் குமிழ் செருகியிருக்க வேண்டும், சுவிட்சின் முனை அதன்மேல்தான் வந்து முட்டும். ரப்பர் இல்லை. பெடல் மேலே வரும்போது சுவிட்சின் முனை ஓட்டைக்குள் புகுந்து சுகமாக நிற்கிறது. கீழே விரித்திருக்கிற மேட்டில் (mat) கையை விட்டுத் துழாவினால் கருகின புளியங்கொட்டைத் தோல் மாதிரி கறுப்புத் துணுக்குகள். விரலில் நசுக்கினால் பொடியாகிறது. வெள்ளத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பூட்டி நிற்கிற வண்டிக்குள் ரப்பரும் பிளாஸ்டிக்கும் என்ன ஆகும்? முதலில் விரிசல் விட்டிருக்கும். அப்போதுதான் பாலத்து இணைப்பில் குலுங்கினால் குரூஸ் விட்டுப்போயிருக்கிறது. அப்புறம் உதிர்ந்துவிட்டது.

திருநெல்வேலியில் ஸ்பேர் கடைக்காரரிடம் கழன்ற துணுக்கைக் காட்டினேன். "ஒரிஜினல்தான் வேணும்னா ஆர்டர் போடணும் அண்ணாச்சி. அளவு மட்டும் போதும்னா வேற கம்பெனி வண்டிக்குள்ளது ஒண்ணு கிடக்கு" என்றார். மேலும் கீழும் பார்த்துவிட்டு அந்த வேறு கம்பெனிக் குமிழையே வாங்கினேன். இரண்டாக வாங்கியும், கொடுத்த நூறு ரூபாய் நோட்டுக்கு மிச்சம் திரும்பி வந்தது. அவசரத்துக்குச் சிலர் அந்த ஓட்டையில் போல்ட்டும் நட்டும் மாட்டிவிடுவார்கள். வேலை செய்யும், ஆனால் இரும்பு இரும்பில் முட்டி சுவிட்சின் முனையைத் தின்றுவிடும். சுவிட்சின் இரண்டு வயரை ஒன்றாக முறுக்கிவிடுவது அதைவிட மோசம். குரூஸில் போகும்போது கிளட்ச் மிதித்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாரம் கழன்ற என்ஜின் வீர்ரென்று ஏறும். அந்த சுவிட்ச் இருப்பதே அதற்காகத்தான்.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதிலேயே பார்வை இழந்த அமெரிக்கர். 1950-ல் காப்புரிமை வாங்கினார். 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவன் காலாட்டத்தை அனுபவித்த மனிதர் செய்த கருவி என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

அந்தக் காலத்து வழியில் வந்த, காற்றை உறிஞ்சுகிற விசையால் (வாக்குவம்) கேபிள் இழுக்கிற குரூஸ் உள்ள வண்டி யாரிடமாவது இருந்தால் பெடல் சுவிட்ச் பார்த்த கையோடு வாக்குவம் குழாய்களையும் பாருங்கள். அங்கேயும் ரப்பர்தான் முதலில் வெடிக்கும்.

குமிழைச் செருகிவிட்டு சாயங்காலமே ஓட்டிப் பார்த்தேன். வள்ளியூர் தாண்டி நாங்குநேரி நோக்கி, 60-ல் செட், பச்சை விளக்கு வந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டேன், வெட்டியது. ரெஸ்யூம் பட்டனை அமுக்கினேன், பிடித்தது. கிளட்சைத் தொட்டேன், வெட்டியது. மூன்றையும் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் மட்டும் ஆடிக் காற்றில் குரூஸ் போட மாட்டேன். கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கிற காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பாரமில்லாத பிக்கப்புக்குப் பின்பக்கம் ஒன்றும் கனம் கிடையாது. அந்தக் காற்று எவ்வளவு என்று எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

வாங்கின இரண்டாவது குமிழ் பிரேக் பெடலுக்கு. அங்கே இருந்தது இன்னும் உதிரவில்லை, ஆனால் நகத்தால் கீறினால் பொடி வந்தது. அது உதிர்ந்தால் குரூஸ் மட்டும் போகாது, மிதிக்காமலே பின்விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இரவில் கவனிக்காமல் விட்டால் காலையில் பேட்டரி காலி. போன மாதம் மச்சான் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரி மாற்றினான், மாற்றின பேட்டரியும் இறங்கிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருக்கிறான். இந்த ஞாயிறு அவன் வண்டிக்குள் தலைகீழாகப் படுக்க வேண்டும்.