அழகான எண்ணைச் சந்தேகப்படுங்கள்: கடல்நீர்ச் செம்பின் ஐசோடோப்பு அளவீடு

ஒரு லிட்டர் மேற்பரப்புக் கடல்நீரில் செம்பு பெரும்பாலும் 0.5 முதல் 1 நானோமோல் வரை இருக்கும். எடையில் 32 முதல் 64 நானோகிராம். இந்தச் சொற்பத்தில்தான் செம்பு-65, செம்பு-63 விகிதத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்துக்குப் பார்க்க வேண்டும். ஒப்பீட்டுச் செம்பிலிருந்து (ஸ்டாண்டர்ட்) இந்த விகிதம் ஆயிரத்தில் எத்தனை பங்கு விலகுகிறது என்பதுதான் ‰ எண்; கூடினால் கனம், குறைந்தால் லேசு.

ஆழ்கடல் நீர் எங்கே எடுத்தாலும் +0.6, +0.7‰ பக்கம்தான் நிற்கிறது. ஆறுகளில் கரைந்து வரும் செம்பின் சராசரியும் கிட்டத்தட்ட அதே. கடலடி இரும்பு-மாங்கனீசுப் படிவுகள் கொஞ்சம் லேசு. செம்பின் செறிவு ஆழம் போகப் போக ஏறிக்கொண்டே போகும். துகள்கள் அதைப் பிடிப்பதும் விடுவதும், அடிமண்ணிலிருந்து ஊறி வருவதும் காரணம். துகளில் லேசான செம்பு ஒட்டும், கரிமச் சேர்மங்களோடு கனமானது தங்கும் என்பதுதான் இப்போதுள்ள விளக்கம். கரைந்த செம்பில் 99 சதவீதத்துக்கு மேல் இந்தச் சேர்மங்களின் பிடியில்தான் இருக்கிறது.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். பிஎச் 2-க்குக் கீழே அமிலமாக்கினால் செம்பு முழுக்க விடுபட்டுவிடும் என்று நம்பி, மறுவாரமே ரெசினில் (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகளில்) ஏற்றுபவர்கள் உண்டு. விடுபடாது. மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் புற ஊதா விளக்கில் சில மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு பிஎச் 6-ஐ ஒட்டிக் கொண்டுவந்து, நோபியாஸ் பிஏ-1 ரெசினில் ஏற்றி, நைட்ரிக் அமிலத்தில் இறக்கலாம். சேர்மத்தோடு நழுவிப்போவது கனமான பங்கு. ஆகவே அளவீடு லேசாக விழும்.

அடுத்தது ஏஜி எம்பி-1 அயனிப் பரிமாற்றக் காலம் (column), அதாவது செம்பை மற்ற உப்புகளிலிருந்து பிரிக்கும் ரெசின் நிரப்பிய குழாய். 7 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.001 சதவீதம் பெராக்சைடு கலந்து ஓட்டுகிறோம். அந்தத் துளி பெராக்சைடு செம்பை இரண்டாம் இணைதிறனில் வைத்திருக்கும். மறந்தாலோ, பழைய கரைசலை ஊற்றினாலோ ஒரு பகுதி ஒற்றை இணைதிறனுக்கு இறங்கி ரெசினை விடாமல் பிடித்துக்கொள்ளும். செம்பு வெளிவரும் மேட்டின் (பீக்) வால் நீண்டுவிடும். காலத்தில் கனமான ஐசோடோப்பு முதலில் வெளியேறும், வாலில் வருவது லேசானது. வாலை வெட்டினால் அளவீடு ஏறும்.

முதல் இழப்பு எண்ணை இறக்குகிறது, இரண்டாவது ஏற்றுகிறது. இரண்டும் ஒரே சாம்பிளில் நடந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டி, அச்சடித்த மாதிரி +0.65 வரும். ஆழ்கடல் எண் வந்துவிட்டது என்று முறை சரியென முடிவு கட்டுவது அதனால்தான் ஆபத்து. மீட்பு வீதத்தை, அதாவது ஏற்றிய செம்பில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதை, தனியாக அளந்தே ஆக வேண்டும்.

உப்பையும் விட்டுவிடக் கூடாது. ஒரு கிலோ கடல்நீரில் 10.8 கிராம் சோடியம். செம்பைவிடப் பல கோடி மடங்கு. ஐசோடோப்புகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில் சோடியம் ஆர்கானோடு சேர்ந்து நிறை 63-இல் உட்காரும், எண்ணைக் கீழே இழுக்கும். மெக்னீசியம்-25 அதேபோல 65-இல் உட்கார்ந்து எண்ணை மேலே தள்ளும். அமில வாஷைக் கூட்டிப் பார்ப்பதைவிட இரண்டாவது முறை காலம் ஓட்டுவதே மேல்.

ஸ்டாண்டர்டிலும் கவனம் வேண்டும். பழைய என்ஐஎஸ்டி 976 இப்போது வாங்கக் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக வரும் ஈஆர்எம்-ஏஈ633 கிட்டத்தட்ட அதற்குச் சமம். ஏஈ647 சுமார் 0.2‰ கனம். பெயரில் ஒரு எண் மாறியதைக் கவனிக்காமல் விட்டால், ஆய்வின் மொத்த வித்தியாசத்தில் பாதி போய்விடும்.

சரிபார்க்க நாங்கள் நம்புவது இரண்டு வேலைகள். காலத்தில் செம்புப் பங்குக்கு முன்னும் பின்னும் 1 மில்லிலிட்டர் தனித்தனியாகப் பிடித்துச் செம்பு அளப்பது. ரெசின் பாட்ச் மாறினால் அந்த எல்லைகளை மறுபடி வரைய வேண்டும். இன்னொன்று, நோபியாஸிலிருந்து வழிந்த நீரைக் கீழே ஊற்றாமல் வைத்து, புற ஊதா காட்டி மறுபடி ஏற்றிப் பார்ப்பது. அதில் பிளாங்க்கைவிட (சாம்பிள் இல்லாமல் ஓட்டிய வெற்றுச் சோதனையைவிட) கூடுதலாகச் செம்பு கிடைத்தால் அன்றைய தொகுதி முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.